பரமேஸ்வரி கதைக்காமல் விட்ட நாள்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவத்தில் இருந்து ஏதாவது சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். அனுபவம் என்றால் பெரிய மாநாடு, பெரிய மனிதருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படிப் படம் ஒன்று என்னிடமும் இருக்கிறது. அதில் என் முழங்கை மட்டும் தெரிகிறது. ஆகவே அதை விட்டுவிட்டு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

சொல் 'சற்றர்'. கடையைப் பூட்டும்போது கீழே இழுக்கிற ஷட்டர் இல்லை. ஓயாமல் கதைப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற சற்றர். அகராதியைத் திறந்தால் அரட்டை, பிதற்றல், வெட்டிப்பேச்சு என்று போட்டிருக்கும். அதோடு அகராதியை மூடிவிடாதீர்கள். அதே சொல்லை ஆங்கிலக்காரர் மரத்துக் குரங்குக்கும் சொல்வார்கள், விடியலில் கத்துகிற குருவிக்கும் சொல்வார்கள், குளிரில் அடிக்கிற பல்லுக்கும் சொல்வார்கள், ஆணி கழன்ற இயந்திரத்துக்கும் சொல்வார்கள். நமக்கு அப்படி இல்லை. பல் கிடுகிடுக்கும், குருவி கீச்சிடும், இயந்திரம் கடகடக்கும், மனிதர் சளசளப்பார்கள். நாம் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். அவர்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, கூப்பிடும்போது எது திரும்பிப் பார்க்கிறதோ அதுதான் என்று விட்டுவிடுகிறார்கள்.

என்னோடு வேலை செய்த ஒருவருக்கு இந்தச் சொல்லால் வந்த வினையை முதலில் சொல்கிறேன். மாரி மழைக்காலம். தாதிமாருக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டு அம்மையாரைக் கூட்டிக்கொண்டு, குருக்கள்மடத்தில் இருந்து அக்கரைக்குப் போகிற பாதையில் அவர் ஏறினார். பாதை என்பது மோட்டர் சைக்கிளும் ஆட்களுமாக வாவியைக் கடக்கிற இயந்திரப் படகு. நடு வாவியில் மழை பிடித்துக்கொண்டது. அம்மையார் நடுங்கியபடி, தன் பல் சற்றர் பண்ணுகிறது என்றார். நம்மவர் படகு ஓட்டுகிறவரிடம், "இவவின்ர பல்லு கதைக்குதாம்" என்றார்.

ஓட்டுகிறவர் அம்மையாரின் வாயை அக்கறையோடு பார்த்தார். "என்னவாம் சொல்லுது?"

நம்மவர் அதையும் ஆங்கிலத்தில் கேட்டார். அம்மையாருக்குப் பகிடி பிடிக்கும். "திரும்பிப் போகச் சொல்கிறது" என்றார். நம்மவர் அதையும் தமிழில் சொன்னார். ஓட்டுகிறவர் உடனே பாதையைத் திருப்பிவிட்டார். பத்திரிகையால் தலையை மூடிக்கொண்டு நின்ற அத்தனை பேரும் நம்மவரைப் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை அம்மையாருக்கு அவர் மொழிபெயர்க்கவில்லை.

இது சின்ன விபத்து. நான் சொல்ல வந்தது மற்றது.

படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், வயல் வட்டைகளுக்கு நடுவே ஓர் ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் எனக்கு அங்கிருந்து வருகிற தயிர் நின்றுவிடும். அந்த ஊருக்குக் குடிதண்ணீர் ஒரு பெரிய கிணற்றில் இருந்து வருகிறது. மோட்டர் தண்ணீரை இழுத்து உயரத்துத் தாங்கிக்கு ஏற்றும், அங்கிருந்து வீடுகளுக்குக் குழாய். மோட்டருக்குப் பக்கத்தில், ஏறிய தண்ணீர் திரும்பி ஓடி வராமல் தடுக்கிற வால்வு ஒன்று உண்டு. அந்த வால்வு பழுதாகி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அது உடைந்தால் குழாயும் சேர்ந்து வெடிக்கும். கோடை தொடங்கிவிட்டது, வீட்டுக் கிணறுகள் வற்றுகின்றன, கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாகச் சொந்தக்காரர் வந்து நிறையப்போகிறார்கள். பழுது பார்க்க எட்வின் என்ற வெள்ளைக்காரப் பொறியியலாளரை அனுப்பினார்கள்.

அவர் போன அன்று நாங்கள் ஒருவரும் கூடப் போகவில்லை. எல்லோரும் வேறொரு கூட்டத்தில் இருந்தோம். எட்வின், "பரவாயில்லை, என்னிடம் தொலைபேசி இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இந்தக் காலத்துத் தொலைபேசி தெரியும்தானே, ஆங்கிலத்தில் சொன்னால் தமிழில் சத்தமாக வாசிக்கும்.

மறுநாள் காலை எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "அந்த ஊரில ஒருவரும் அவரோட கதைக்கிறாங்க இல்லையாம். மோட்டர் அறைப் பூட்டின்ர திறப்பையும் குடுக்கிறாங்க இல்லையாம். அந்த மனிசன் இண்டைக்குப் பின்னேரம் கொழும்புக்குப் போகவேணும். நீங்க போய் என்னெண்டு பாருங்க."

போனேன். நான் வருகிறேன் என்று ஊரைக் கூட்டியிருந்தார்கள். கூட்டம் பாலர் பாடசாலையில் நடந்தது. வேறு கட்டடம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் மூன்று வயதுப் பிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட, உம்மென்று இருந்தார்கள். எட்வின் நல்ல உயரம். அவருக்கும் யானைப் படம் போட்ட ஒரு சிவப்புக் கதிரை கொடுத்திருந்தார்கள். அவர் காதுக்குப் பக்கத்தில் முழங்காலோடு புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. வாசலில் படுத்திருந்த நாய் மட்டும் வாலை ஒருதரம் அடித்தது.

முன்வரிசையில் பரமேஸ்வரி. குடிநீர்ச் சங்கத்தின் பொருளாளர். மோட்டர் அறைத் திறப்பு அவரிடம்தான் இருக்கும், சங்கத்துக் காசோலையில் கையெழுத்து வைக்கிறவரும் அவர்தான். எனக்கு அவரை முன்பே தெரியும். அவர் பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் பாட்டை நிறுத்திவிடுவார். இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது. அந்தப் பரமேஸ்வரி உதட்டை உள்ளே மடித்து, ஒட்டுப் போட்ட கடிதம் மாதிரி இருந்தார். பக்கத்தில் கணவர் தங்கராசா. அவர் அதிகம் கதைக்கிறவர் இல்லை. அவருக்குச் சந்தர்ப்பம் கிடைத்ததும் இல்லை.

இந்த இடத்தில் புதிதாக வந்த ஒருவர் என்ன செய்வார்? பயத்தில் தானே கதைக்கத் தொடங்குவார். தண்ணீரின் அருமை, சுகாதாரம், ஒற்றுமை என்று ஏதாவது. எனக்கும் வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். நான் சேர்ந்த காலத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எங்களோடு இருந்தார். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் அர்த்தம் சொல்லமாட்டார். "ஆர் சொன்ன? எதப் பாத்துக்கொண்டு சொன்ன?" என்று கேட்பார். ரீ குடிக்கிறீங்களா சேர் என்று கேட்டாலும் அதையே கேட்பார் என்பதால் அவரால் எல்லோருக்கும் அலுப்பு. ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்விதான் எனக்குக் கைகொடுத்தது.

எட்வினை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனேன். "நேற்று என்ன சொன்னீர்கள்? எதைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்?"

"வால்வைப் பார்த்துக்கொண்டுதான். அது மோசமாகச் சற்றர் பண்ணுகிறது, மாற்றவேண்டும் என்றேன். தொலைபேசியை அந்த அம்மாவிடம் நீட்டிக் கேட்கவைத்தேன். அவர்தானே பொறுப்பாளர். தொலைபேசியில் அது அப்படியே இருக்கிறது, கேளுங்கள்."

வேண்டாம் என்று சொல்ல முன்னமே அழுத்திவிட்டார். இந்தியச் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், ஊருக்கே கேட்கிற சத்தத்தில் அது தொடங்கியது:

"காசோலை மோசமாக அரட்டை அடிக்கிறது. அவள் இரவும் பகலும் அரட்டை அடிக்கிறாள். அவள் மிகவும் வயதானவள்."

உள்ளே சின்னக் கதிரைகள் எல்லாம் ஒன்றாகக் கிறீச்சிட்டன. நான் தொலைபேசியைப் பறித்துச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கக்கத்தில் வைத்து அமுக்கினேன். அது கக்கத்துக்குள் இருந்தும் நிறுத்தவில்லை.

"நாளை நான் அவளைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு, புதிய ஒருத்தியை வைப்பேன். நன்றி."

எனக்கு எல்லாம் விளங்கியது. தண்ணீரைத் தடுக்கிற வால்வுக்கு ஆங்கிலத்தில் 'செக்' வால்வு என்று பெயர். எட்வின் செக் என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறார், தொலைபேசி அதைக் காசோலை ஆக்கிவிட்டது. அந்த ஊரில் காசோலை என்றால் பரமேஸ்வரி. அதோடு, அவர்கள் நாட்டில் கப்பல், கார், இயந்திரம் எல்லாவற்றையும் செல்லமாகப் பெண் போலச் சொல்வார்கள். அந்த 'ஷி'யைத் தொலைபேசி 'அவள்' என்று போட்டுவிட்டது. நம் ஊரில் மரியாதைக்குரிய ஒரு பெண்ணை 'அவ' என்போம். 'அவள்' என்பதற்கே தனியாக ஒரு சண்டை பிடிக்கலாம்.

எட்வினிடம் விளக்கமாகச் சொல்ல நேரம் இல்லை. "நீங்கள் நேற்று அந்த அம்மாவைக் கிழவி, வாயாடி என்று சொல்லி, கழற்றி எறிவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள்" என்றேன். அவர் முகம் அவர் இருந்த கதிரையின் நிறத்துக்கு வந்தது.

உள்ளே போய் எட்வின் பழையபடி கதிரையில் இருந்தபோது தங்கராசா எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் எழும்பியதை ஊர் அன்றுதான் பார்த்ததாம்.

"மிஸ், உங்கட காதாலயே கேட்டீங்கதானே? இவ கதைக்கிறது கொஞ்சம் கூடத்தான். நான் இல்லையெண்டு சொல்லல. ஆனா அத நான் ஒருநாளும் சொன்னல்ல. நானே சொல்லாதத இவர் ஆர் சொல்ல? மறுகா, புதுசா ஒருத்திய வைக்கப் போறாராம். எங்க கொண்டந்து வைக்கப் போறார்? என்ர வீட்டிலயா?"

பின்னால் யாரோ, "அதுக்கு அண்ணன்ட முடிவு என்னெண்டும் கேளுங்க மிஸ்" என்றார். இரண்டு பேர் இருமுவது போலச் சிரித்தார்கள். பரமேஸ்வரி திரும்பிப் பார்த்தார். இருமல் நின்றது.

நான் சொன்னேன், அவர் சொன்னது வால்வைப் பற்றி, தொலைபேசிதான் பிழையாகச் சொல்லிவிட்டது என்று. ஒருவரும் நம்பவில்லை.

"வால்வப் போய் ஆராவது அவள் எண்டு சொல்லுவாங்களா மிஸ்? எங்களுக்கு இங்கிலீசு தெரியா எண்டு சும்மா சொல்லாதீங்க."

உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். கோபத்தில் இருக்கிறவர்களுக்கு உண்மை, சமாளிப்புப் போலத்தான் கேட்கும். காதால் கெட்டதைக் காதாலேயே சரிப்படுத்த முடியாது, கண்ணால் காட்டவேண்டும் என்று தோன்றியது. "எல்லாரும் மோட்டர் அறைக்கு வாங்க, காட்டுறன்" என்றேன். ஆனால் திறப்பு பரமேஸ்வரியின் மடியில் இருந்தது. "அக்கா, திறப்பத் தாங்க" என்று கேட்டேன்.

பரமேஸ்வரி வாய் திறக்கவில்லை. என் கக்கத்தைக் காட்டினார், கையை வீசி எறிவது போலச் செய்தார்.

தங்கராசா தொண்டையைச் செருமினார். "அந்தப் ஃபோனக் கொண்டுபோய் வாவியில போடட்டாம்."

சரியான மொழிபெயர்ப்பு. பரமேஸ்வரி தலையாட்டினார். பிறகு நெஞ்சில் தட்டி, உதட்டின் மேல் விரலை வைத்து, விரலை அங்கும் இங்கும் ஆட்டினார்.

"அவ இனிச் சாகுமட்டும் கதைக்கமாட்டாவாம்." இதைச் சொல்லும்போது தங்கராசாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன். பரமேஸ்வரியும் பார்த்தார். அவர் கையை நீட்டி எட்வினையும் கதவையும் கோபமாகச் சுட்டினார்.

"சேர் ரீ குடிச்சிட்டுத்தான் போகணுமாம்."

பரமேஸ்வரி தலையை வேகமாக ஆட்டி மறுத்தார்.

"ரீ சரிவராதாம். தயிரும் வாழப்பழமுமாம்."

பரமேஸ்வரி நெற்றியில் அடித்துக்கொண்டு கணவரைக் காட்டினார்.

"என்னப் போல ஒரு மனிசன் கிடைக்க அவ குடுத்து வைச்சிருக்கணுமாம்."

எட்வின் என் பக்கம் சாய்ந்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். மனைவியின் கைச்சாடையைக் கணவர் மொழிபெயர்க்கிறார் என்றேன். "நன்றாகச் செய்கிறாரா?" என்றார். "எங்கள் அலுவலகத்தில் வேலைக்கு எடுக்கமாட்டோம்" என்றேன்.

பிழை என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை. இரண்டு தரம் வாய் திறந்து, இரண்டு தரமும் மூடிக்கொண்டேன். காரணம், பரமேஸ்வரியின் கழுத்து. ஒவ்வொரு பிழைக்கும் அந்தக் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. உள்ளே சொற்கள் கூடிக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரிந்தது. அவர் கடைசியாக எழுந்து, இரண்டு கையையும் கணவரை நோக்கி ஓங்கி ஆட்டினார். தங்கராசா அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார்.

"இனிமே நான் சினேகிதர்மாரோட மீன்பிடிக்கப் போறத்துக்கு ஒண்டும் சொல்லமாட்டாவாம். எத்தின மணிக்கு வந்தாலும் சோறு போட்டுத் தருவாவாம்."

"எப்ப சொன்னன்?" என்றார் பரமேஸ்வரி. "இஞ்ச! நான் எப்ப சொன்னன்? எல்லாரும் கேட்டுக்கொண்டுதானே இருக்கீங்க, நான் எப்ப கா அப்பிடிச் சொன்னன்?"

ஊரே மூச்சு விட்டது. தங்கராசா மெதுவாகக் கதிரையில் இருந்துகொண்டார். அவர் வேண்டுமென்று செய்தாரா, உண்மையாகவே மீன்பிடிக்கும் நினைவில் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டுப் பார்த்தேன். வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாய் திறந்த பரமேஸ்வரி பிறகு நிறுத்தவில்லை. எட்வினுக்கு நேரே திரும்பினார்.

"கேளுங்க சேர். நான் கதைக்கிறவதான். நான் கதைச்சபடியாத்தான் இந்த ஊருக்குத் தண்ணி வந்தது. கந்தோர் கந்தோரா ஏறிக் கதைச்சது ஆர்? வரிசையில நில்லுங்க எண்டவங்களோட கதைச்சது ஆர்? நான் வாயப் பொத்திக்கொண்டு இருந்திருந்தா இந்த மோட்டரும் இல்ல, தாங்கியும் இல்ல, நீங்களும் இந்தக் கதிரையில இல்ல. கிழவியாம் நான்!" பிறகு குரல் இறங்கியது. "ராவு முழுக்க நித்திரை இல்ல சேர். நான் கதைக்கிறது எல்லாருக்கும் அரியண்டமோ, இவ்வளவு நாளும் என்ர முகத்துக்காக ஒருத்தரும் சொல்லாம இருந்தவங்களோ எண்டு நினைச்சு நினைச்சு விடிஞ்சிட்டு."

தங்கராசா நிலத்தைப் பார்த்தார்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? "அந்த அம்மா கொஞ்சம் வருத்தப்படுகிறார்" என்று சுருக்கியிருக்கலாம். எட்வினுக்கும் அது சுகம், எனக்கும் சுகம். ஆனால் இந்தச் சண்டை முழுக்க அரைகுறையாகச் சொன்னதால் வந்தது. ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன். கந்தோர், வரிசை, கிழவி, விடிந்தது, எல்லாம். அவர் குரல் இறங்கிய இடத்தில் என் குரலும் தானாக இறங்கியது.

எட்வின் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்தார். சிவப்புக் கதிரையும் அவரோடு சேர்ந்து எழுந்தது. அது இடுப்பில் இறுகிவிட்டது. பின்னால் யானைப் படத்தோடு, வளைந்து நின்றுகொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "நான் மன்னிப்புக் கேட்கிறேன். நான் குறை சொன்னது வேறொருத்தியை. தயவுசெய்து வாருங்கள், அவளைக் காட்டுகிறேன்."

அந்த நேரத்தில் சிரிக்காமல் மொழிபெயர்த்ததுதான் என் உத்தியோகத்தில் நான் பட்ட பெரிய கஷ்டம். பரமேஸ்வரி அவரையும் கதிரையையும் மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல அதக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மடியில் இருந்து திறப்பை எடுத்தார். இரண்டு பேர் கதிரையைப் பிடித்து இழுத்தார்கள்.

மோட்டர் அறைக்குள் ஊர் முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. எட்வின் சுவரில் இருந்த மோட்டர் ஆளியைப் போட்டார். வால்வு உடனே தொடங்கியது. டகடகடகடக. எட்வின் இரண்டு கையாலும் அதைக் காட்டி, "ஷி! ஷி!" என்றார்.

பரமேஸ்வரி குனிந்து, காதைக் கிட்டக் கொண்டுபோனார். "இதுவா?"

"ஷி" என்றார் எட்வின்.

"இதயா அவள் எண்டு சொன்ன?" என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்தார், முகத்தில் புதிதாக ஒரு கோபம். "இது நான் கதைக்கிற மாதிரியே இல்லையே!"

"ஓம்" என்றார் தங்கராசா. "இது கொஞ்சம் மெதுவாத்தான் போகுது."

முதலில் சிரித்தது பரமேஸ்வரிதான். அதன்பிறகுதான் மற்றவர்கள் துணிந்தார்கள். அந்தச் சின்ன அறைக்குள் அத்தனை பேரும் சிரித்த சத்தத்தில் வால்வின் சத்தம் கேட்கவில்லை.

வால்வை மாற்றிய கதையை விடுகிறேன், எனக்கு அது விளங்கவும் இல்லை. வெயில் சாய முன்னம் வேலை முடிந்து, தண்ணீர் தாங்கிக்கு ஏறியது. புது வால்வு சத்தமே போடவில்லை. பரமேஸ்வரி மட்டும் அறைக்குள் நின்று, வேலை நடந்த நேரம் முழுக்க, பழைய வால்வின் சரித்திரத்தை எட்வினுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தேன். என் தொண்டை கட்டிப்போனது.

போகிற நேரம் ஜீப்புக்குப் பக்கத்தில் ஊர் கூடி நின்றது. தயிர்ச் சட்டி இரண்டு வந்தது. எட்வின் நான் திருப்பிக் கொடுத்த தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "கடைசியாக ஒரு வசனம் அந்த அம்மாவுக்கு நானே தமிழில் சொல்லவேண்டும். நீங்கள் மிகவும் நன்றாகக் கதைக்கிறீர்கள், அதை விடாதீர்கள். அவ்வளவுதான். சொல்லித் தாருங்கள்."

சொல்லிக் கொடுத்தேன். அவர் ஜீப்பைச் சுற்றி நடந்து நடந்து அதைப் பாடமாக்கினார். பிறகு பரமேஸ்வரிக்கு முன்னால் வந்து, கை கூப்பி, தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அக்கா, நீங்க நல்லாக் கடிக்கிறீங்க. விடாதீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தயிர்ச் சட்டியைப் பார்த்தேன். காலையில் இருந்து கட்டியதெல்லாம் இடிந்து விழப்போகிறது என்று நினைத்தேன். திருத்துவதற்கு வாயையும் திறந்துவிட்டேன்.

பரமேஸ்வரி எனக்கு முந்திவிட்டார். தங்கராசாவின் தோளில் கையைப் போட்டு, அவரை ஒரு அடி முன்னுக்குத் தள்ளினார்.

"அது உண்மைதான் சேர். வேணுமெண்டா இவரக் கேட்டுப் பாருங்க."

ஊர் வெடித்துச் சிரித்தது. தங்கராசா தன் கையை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று விளங்காவிட்டாலும் எட்வினும் சந்தோசமாகச் சிரித்தார். ஜீப்பில் ஏறியதும் என் பக்கம் திரும்பி ஆவலோடு கேட்டார், "அவர் என்ன சொன்னார்?"

"நீங்கள் சொன்னது சரியாம்" என்றேன்.